விற்ற மறுநாளே கோல் போடுவான்

வாழ்த்துகள், மேலாளரே. கெடாவின் பெண்டாங்கில் மாமாக் கடை மேசையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, நூறு மில்லியன் பவுனுக்கு ஆட்டக்காரர் வாங்கப் போகிறீர்கள். ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் அந்தப் பணம் எல்லாருக்கும் சமம். கோல் காவலர் இரண்டு, தற்காப்பு ஐந்து, நடுத்திடல் ஐந்து, தாக்குதல் மூன்று. ஒரே கிளப்பில் மூன்று பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். அதற்கு மேல் கை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி போகும். விதி இவ்வளவுதான். இவ்வளவு எளிய விளையாட்டில் 38 வாரம் தூக்கத்தையும் மரியாதையையும் இழக்க முடியுமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். தாராளமாக முடியும். பாதி வேலையை நீங்களே கற்று வைத்திருக்கிறீர்கள். மீதியை முறையாகச் சொல்லித் தருகிறேன்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அணி நடத்துகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். இந்தக் கற்பனை அணிக் குடும்பத்தில் மூத்தவற்றில் ஒன்று பேஸ்பால். 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, உண்மையான ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்துக் கற்பனை அணி நடத்தும் ஆட்டத்தைத் தொடங்கினார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட லா ரோட்டிசெரி ஃபிரான்செஸ் என்ற உணவகத்தின் பெயரே லீக்கின் பெயரும் ஆனது. கண்டுபிடித்த ஓக்ரென்ட் அந்த ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கோப்பை வாங்கியதில்லை. நம் குரு அவர்தான். வணங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

1. முதலில் மூன்று பேரை எடுங்கள். மூவரும் மென்செஸ்டர் யுனைடெட்.

யோசிக்காதீர்கள், இதில் கேள்வியே இல்லை. உங்கள் அப்பா யுனைடெட், பெரியப்பா யுனைடெட், வீட்டில் பழைய ஜெர்சி இன்னும் கொடியில் காய்கிறது. 2024-25 சீசனில் அந்தக் கிளப் பதினைந்தாவது இடத்தில் முடித்தது, 38 ஆட்டத்தில் 44 கோல்தான் போட்டது என்று பக்கத்து மேசை சொன்னால், "அது பழைய கதை லா" என்று சொல்லி முட்டை ரொட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். லிவர்பூல்காரராக இருந்தால் ஆள் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். பரம எதிரிக் கிளப்பின் ஆட்டக்காரர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவரைத் தொட்டுவிடாதீர்கள். அவர் கோல் போடும்போது திட்டவும் வேண்டும், புள்ளியும் வேண்டும் என்றால் எப்படி?

2. எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

2022-23 முதல் விளையாட்டின் தளத்திலேயே எக்ஸ்ஜி என்ற கணக்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இருக்கிறது. ஒருவர் உதைத்த பந்து கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று தூரம், கோணம் பார்த்துப் போடும் கணக்கு. ஒரு பினால்டிக்கு 0.8-க்குச் சற்றுக் குறைவாக வரும். ஒருவர் நான்கு கோலுக்குரிய வாய்ப்பைப் பெற்று ஒன்றைத்தான் போட்டிருக்கிறார் என்றால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார், பொறுத்திருந்தால் கோல் வரும் என்று பொருள். படித்தாயிற்றா? அந்தப் பக்கத்தை மூடுங்கள். நமக்குத் தேவை, அவர் காலி கோலுக்கு வெளியே அடித்த அந்த ஒரு காட்சி. அதைப் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். பிறகு அவரை விற்றுவிடுங்கள்.

உங்கள் கண்ணை நம்புங்கள். அது தோட்டத்துத் திடலில் பொங்கல் எழுவர் போட்டி பார்த்துப் பழகிய கண். புது பூட்ஸ் போட்டவன், மூன்று பேரைத் தாண்டிப் போய் நாலாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுப்பவன், கீழே விழுந்ததும் நடுவரைப் பார்ப்பவன், இவர்களுக்கெல்லாம் அங்கே கைதட்டு விழும். பின்னால் நின்று சத்தமில்லாமல் பந்தை வெட்டிக்கொண்டிருந்த ஒருவனின் பெயர் யாருக்கும் நினைவிராது. 2006-07, 2007-08 என்று அடுத்தடுத்த இரண்டு சீசனிலும் கெடா அணி லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் தூக்கியபோது டாருல் அமான் அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு எக்ஸ்ஜி தேவைப்பட்டதா? இல்லையே. ஒரு வாரத்தில் பிரீமியர் லீக்கில் பத்து ஆட்டம் நடக்கிறது, மாமாக் கடைத் திரையில் ஓடுவது ஒன்று, அதிலும் பாதி நேரம் நீங்கள் கைப்பேசியைப் பார்க்கிறீர்கள் என்ற சிறிய விவரம் உங்கள் தீர்ப்பைப் பாதிக்க வேண்டாம்.

3. போன வாரம் யார் புள்ளி அள்ளினாரோ, இந்த வாரம் அவரை வாங்குங்கள்.

இது பொன் விதி. இரண்டு கோல் போட்ட ஆளை எல்லாரும் வாங்குவார்கள், விலை ஏறும், ஏறுவதற்குள் வாங்க வேண்டும் என்ற பதற்றத்தில் ராத்திரியே வாங்கிவிடுங்கள். மறுநாள் பயிற்சியில் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அடுத்த வாரம் விற்றுவிடுங்கள். 6.0 மில்லியனுக்கு வாங்கியவர் 6.3 ஆகியிருந்தாலும் விற்கும்போது உங்களுக்கு 6.1-தான் வரும், லாபத்தில் பாதி, அதையும் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கித்தான் தருவார்கள். மனம் மாறித் திரும்ப வாங்கப் போனால் 6.3 கேட்பார்கள். இப்படி ஏழெட்டு முறை வாங்கி விற்றால், ஒரு நல்ல தற்காப்பு ஆட்டக்காரரின் தரத்தை ஒரு படி கீழே இறக்கும் அளவுக்குப் பணம் கரைந்திருக்கும். பால்மரம் வெட்டிய காலத்தில் கிராணி கணக்கில் பத்துக் காசு குறைத்தால் தாத்தா சண்டைக்குப் போவார். நீங்கள் பெருந்தன்மையானவர், விட்டுவிடுங்கள்.

4. அடுத்த மாரேஸை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2015-16-இல் ரியாட் மாரேஸ் 5.5 மில்லியனுக்குக் கிடைத்தார். 17 கோல், 240 புள்ளி. அதே லெஸ்டர் சிட்டியில் ஜேமி வார்டி 6.0-க்குக் கிடந்தார், 24 கோல். 5,000-க்கு ஒன்று என்று பந்தய நிறுவனங்கள் கழித்துக் கட்டியிருந்த கிளப் அந்த வருடம் சாம்பியன் ஆனது. இந்தக் கதை உங்களுக்கு மனப்பாடம். நல்லது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாரும் கேள்விப்படாத மூன்று பெயர்களை இந்தக் கதையின் பலத்தில் எடுங்கள். அவர்கள் ஆட்டம் தொடங்கும் பதினொருவரில் இருக்கிறார்களா என்று பார்ப்பது கோழைத்தனம்.

உண்மையிலேயே அப்படி ஒருவர் வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். 2017-18-இல் முகமட் சாலா 9.0-க்கு லிவர்பூலில் ஆட வந்தார். முதல் மாதம் கோல் போட்டார்: "இன்னும் பார்ப்போம்." நவம்பரில் போட்டார்: "தொடரமாட்டார்." பிப்ரவரியில் போட்டார்: "இப்போது விலை ஏறிப்போச்சு." அவர் 32 கோலும் 303 புள்ளியும் எடுத்து முடிக்கும் தருவாயில், ஏப்ரல் மாதம், வாங்குங்கள். கோல் பால்மரும் அப்படித்தான். 2023-24 தொடங்கியபோது மென்செஸ்டர் சிட்டியின் பெஞ்சில் 5.0 மில்லியன், செப்டம்பரில் செல்சிக்குப் போனார், 22 கோல், 244 புள்ளி, அந்த சீசனின் முதலிடம். எவர்டனுக்கு எதிராக அவர் நான்கு கோல் போட்ட ஆட்டம் நமக்குச் செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கியது. நீங்கள் விழித்திருந்தீர்கள். உங்கள் அணியில் அவர் இல்லை. பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

5. கெடுவைக் கெடாக்காரராகக் கையாளுங்கள்.

இது சற்று நுட்பமான பாடம், மெதுவாகப் போவோம். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடத்துக்கு முன்னால் அணி பூட்டிவிடும். சனிக்கிழமை பகல் 12:30-க்கு அங்கே ஆட்டம் என்றால் ஆகஸ்டில் நமக்கு மாலை 7:30. கெடு ஆறு மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். அதன்பின் கெடு ஏழு மணி. அந்த ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நன்றாக இருக்கும் அணியைக் கெடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் வைத்தார்கள் என்றால் உங்களுக்குத் திருவிழா. அங்கே இரவு எட்டு மணி, இங்கே சனி விடியற்காலை மூன்று. கெடு நள்ளிரவு 1:30. வெள்ளியும் சனியும் கெடாவில் வார விடுமுறை அல்லவா, ஆகவே உங்களுக்கு நாள் முழுக்க நேரம் உண்டு. அதை வீணாக்குங்கள். காலையில் அலோர் ஸ்டார் போய்வாருங்கள், மாலையில் குட்டித் தூக்கம் போடுங்கள், 1:27-க்கு நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று மாற்றங்களைச் செய்யுங்கள். கைப்பேசியில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைப் பார்த்தபடி எடுக்கும் முடிவில்தான் உண்மையான ஆளுமை வெளிப்படும்.

சனி இரவு ஆட்டம் நமக்கு நள்ளிரவைத் தாண்டி 12:30-க்கு, குளிர்காலத்தில் 1:30-க்குத் தொடங்குகிறது. கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் மறுநாள் பகல்வரை தூங்குவான். உங்களுக்கு ஞாயிறு பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமும் திறந்திருக்கும். ஜொகூர்காரர்களாவது 2025 தொடங்கியதிலிருந்து சனி-ஞாயிறுக்கு மாறிக்கொண்டார்கள். நீங்கள் கொள்கையில் உறுதியாக இருக்கிறீர்கள். ஆட்டத்தை முடியும்வரை பாருங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேசையில் தலை சாய்க்கும்போது யாராவது கேட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். திருமணம் ஆகாதவர்கள் அம்மாவுக்கு என்று சொல்லலாம்.

6. கேப்டனை எல்லாரையும் போலத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு என்ன பெருமை?

கேப்டனின் புள்ளி இரண்டு மடங்காகும். எனவே மேசையில் இருக்கும் எட்டுப் பேரும் எர்லிங் ஹாலண்டுக்குப் பட்டையைக் கட்டும்போது நீங்கள் மட்டும் கட்டாதீர்கள். 2022 அக்டோபர் 2, மென்செஸ்டர் சிட்டிக்கும் யுனைடெட்டுக்கும் ஆட்டம். ஹாலண்ட் மூன்று கோல் போட்டு, இரண்டு கோலுக்குப் பந்து கொடுத்தார். 23 புள்ளி, கேப்டனாக வைத்தவர்களுக்கு 46. ஆட்டம் 6-3. நீங்கள் யுனைடெட்காரர், எனவே அந்த வாரம் பட்டை யார் கையில் இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த சீசனில் அவர் 36 கோல் போட்டு லீக்கின் சாதனையை உடைத்தார். "ஹாலண்ட வச்சி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பாடா?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரிப்பார்கள். அவர்களுக்கு ரசனை இல்லை.

7. பெஞ்சில் நல்ல ஆளை உட்கார வையுங்கள்.

2019-20-இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டின் ஜான் லண்ட்ஸ்ட்ரம் 4.0 மில்லியன். தற்காப்பு என்று பட்டியலில் போட்டிருந்தார்கள், மனிதர் நடுத்திடலில் ஆடினார். பர்ன்லிக்கு எதிராக இரண்டு கோல், ஒரு ஆட்டத்தில் 21 புள்ளி. நான்கு மில்லியன் ஆளை யார் பதினொருவரில் இறக்குவார்கள் என்று நினைத்தவர்களின் பெஞ்சில் அந்த 21 கண்ணாடிப் பெட்டி மைசூர்பாகு மாதிரி இருந்தது. அந்த வாரத்துக்குப் பிறகு அவரை இறக்குங்கள்.

8. சிப்புகளை உடனே செலவழியுங்கள்.

வைல்ட்கார்டில் பதினைந்து பேரையும் இலவசமாக மாற்றலாம். டிரிபிள் கேப்டன் மூன்று மடங்கு தரும். பெஞ்ச் பூஸ்டில் பெஞ்சின் புள்ளியும் சேரும். ஃப்ரீ ஹிட் ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு அணி. 2025-26 முதல் சீசனின் முதல் பாதிக்கு ஒரு தொகுதி, இரண்டாம் பாதிக்கு ஒரு தொகுதி என்று கொடுக்கிறார்கள்; முடா பாசன வயல் மாதிரி வருடத்துக்கு இரண்டு போகம். பொறுமைசாலிகள் ஒரு கிளப் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடும் சமயம் பார்த்து எடுப்பார்கள். நீங்கள் இரண்டாவது வாரமே வைல்ட்கார்டை அடியுங்கள். முதல் வாரத்தில் 31 புள்ளி வந்ததற்கு அணிதான் காரணம், அணியைத் தேர்ந்தெடுத்தவர் காரணம் இல்லை என்பதை அது ஊருக்கு உணர்த்தும்.

9. மைனஸ் நான்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் அறுபது நிமிடத்துக்கு மேல் ஆடி, வேறு ஒன்றும் செய்யாமல் இருந்தால் இரண்டு புள்ளி. நீங்கள் நான்கைக் கொடுத்து அந்த இரண்டை வாங்குகிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருந்தவரும் அந்த இரண்டைத்தான் எடுத்திருப்பார், ஆனால் அவரைப் பார்த்தாலே உங்களுக்கு எரிச்சல் வருகிறதே. எரிச்சலுக்கு நான்கு புள்ளி மலிவு. மூன்று எரிச்சலுக்குப் பன்னிரண்டு. இலவச மாற்றங்களைச் செலவழிக்காமல் ஐந்து வரை சேர்த்து வைக்கலாம் என்று 2024-25-இல் விதி கொண்டுவந்தார்கள். அடுத்த சீசனில், ஆப்பிரிக்கக் கிண்ணத்துக்குப் போகிறவர்களின் இடத்தை நிரப்ப, 16-ஆவது வாரத்துக்கு எல்லாருக்கும் ஐந்தாக நிரப்பியே கொடுத்தார்கள். ஐந்தையும் ஒரே ராத்திரியில் தீர்த்துவிட்டு ஆறாவதுக்கு மைனஸ் நான்கு வாங்கியவர்தான் என் மாணவர்.

10. மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லுங்கள்.

புலனக் குழுவில் காலை ஏழு மணிக்கு முதல் செய்தி உங்களுடையதாக இருக்கட்டும். "சாலாவ வித்துருங்க. முடிஞ்சி போச்சு. இதுக்கு மேல கேக்காதீங்க." 2024-25 தொடக்கத்தில் அவர் 12.5 மில்லியன், அவ்வளவு பணத்தை ஒரே ஆளிடம் முடக்கலாமா என்று விளக்கம் எழுதுங்கள். அவர் 29 கோல் போட்டு, 18 கோலுக்கு வழி செய்து, 344 புள்ளி எடுத்து இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு சீசனுக்கான சாதனை படைத்தார் என்பது பிற்பாடு நடந்த விஷயம். நீங்கள் சொன்னபோது அது தெரியாது. உங்கள் பேச்சைக் கேட்டு விற்றவர் கோபமாக வந்தால், "ஏண்டா, நான் சொன்னா உனக்கு அறிவு எங்க போச்சு?" என்று அன்பாகக் கேளுங்கள்.

சதுரங்கச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் 2019 டிசம்பரில் பல மில்லியன் பேரைத் தாண்டி உலக அளவில் முதலிடத்துக்கு வந்து, சீசனைப் பத்தாவதாக முடித்தார் என்பதை அடிக்கடி எடுத்துக் காட்டுங்கள். இது மூளைக்காரர்களின் விளையாட்டு என்பதற்கு அது சான்று. அதை வைத்து உங்களைப் பற்றி யாரும் எந்த முடிவுக்கும் வராதபடி பேச்சை உடனே மாற்றுங்கள்.

11. தங்கச்சியின் அணியைப் பார்க்காதீர்கள்.

எல்லா லீக்கிலும் ஒருவர் இருப்பார். ஆள் குறைகிறதே என்று ஆகஸ்டில் யாரோ தங்கச்சியின் பெயரையும் சேர்த்திருப்பார்கள். அவள் பத்து நிமிடத்தில் பதினைந்து பெயரை எடுத்தாள். விலை கூடியவர்கள் இரண்டு பேர், மீதி அவளுக்குப் பெயர் பிடித்தவர்கள். கேப்டன் ஹாலண்ட். அதோடு செயலியைத் திறக்கவே இல்லை. காயம்பட்டவர்கள் இரண்டு பேர் நவம்பரிலிருந்து அப்படியே கிடக்கிறார்கள், பெஞ்ச் தானாக உள்ளே வந்து போகிறது. பிப்ரவரியில் அவள் நான்காவது. நீங்கள் பதினொன்று.

இதற்கு விளக்கம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். "லக்" என்று சொல்லலாம். "அவ விளையாடவே இல்ல, அது கணக்கில்ல" என்பது இன்னும் நல்லது. நீங்கள் வாங்கி விற்றவர்களை வரிசைப்படுத்தி, விற்ற மறுவாரம் ஒவ்வொருவரும் எத்தனை எடுத்தார்கள் என்று கூட்டிப் பார்க்க ஆசை வரும். வரும், எல்லாருக்கும் வரும். அந்தத் தொகை அவளுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளிக்கு அநேகமாகப் பக்கத்தில் வந்து நிற்கும். கூட்டாதீர்கள். ஞாயிறு மதியம் சாப்பிடும்போது அவளே கேட்பாள்: "அண்ணே, அந்த வெளயாட்டு இன்னும் நடக்குதா?" சோற்றைப் பிசைந்தபடி, "நடக்குது, நடக்குது" என்று சொல்லுங்கள். இடத்தைச் சொல்ல வேண்டாம். தெரிந்தால் மாற்றம் செய்ய ஆரம்பித்துவிடுவாளே என்று ஒரு நப்பாசையும் வரும். அப்போது மட்டும் சொல்லிப் பார்க்கலாம். கூடவே ஒரு ஆலோசனையும் கொடுங்கள்.

12. மே மாதம், சீசனின் கடைசி ஞாயிறு. பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில்.

இப்போது நீங்கள் கடைசிக்கு ஒரு படி மேலே. கடைசியாக வருபவர் மேசைக்கே பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று ஆகஸ்டில் பேசியிருக்கிறீர்கள், நீங்கள்தான் பேசினீர்கள். கீழே இருப்பவரைவிட ஒன்பது புள்ளி கூடுதல். ஒன்றும் செய்யாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆகவே நான்கு மாற்றம் செய்யுங்கள், ஒன்று இலவசம், மூன்றுக்குப் பன்னிரண்டு. போன வாரம் இரண்டு கோல் போட்டவரை உள்ளே கொண்டுவாருங்கள். சாலாவை வெளியே அனுப்புங்கள். கேப்டன் பட்டையை யுனைடெட் ஆட்டக்காரருக்குக் கட்டுங்கள். கெடு முடிந்ததும் செயலியை மூடிவிட்டுக் கடைக்காரரிடம் பிரியாணி ஆளுக்கு எத்தனை வெள்ளி என்று சாதாரணமாக விசாரித்து வையுங்கள். ஜூலையில் அடுத்த சீசனுக்குப் பதிவு திறக்கும். வைல்ட்கார்ட் எந்த வாரம் என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்: இரண்டாவது வாரம்.